உறைபனியில் ஓடும் சைக்கிள்கள்

ஃபின்லாந்தின் வடபகுதியில், போத்னியா வளைகுடாவின் கரையில் ஊலு என்ற நகரம் இருக்கிறது. மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். ஆர்க்டிக் வட்டத்துக்கு அங்கிருந்து 200 கிலோமீட்டர்கூட இல்லை. ஆண்டில் ஏறத்தாழ ஐந்து மாதம் தரை பனியால் மூடியிருக்கும். டிசம்பர் கடைசியில் பகல்பொழுது மூன்றரை மணி நேரம்தான். மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. அப்படிப்பட்ட ஊரில், நடுக் குளிர்காலத்திலும் நகரத்துக்குள் நடக்கும் பயணங்களில் பத்தில் ஒன்றுக்குக் குறையாமல் சைக்கிளில் நடக்கின்றன. அலுவலகம் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், கடைக்குப் போகும் முதியவர்கள் எல்லோரும் இதில் அடக்கம். ஊலுவின் மெட்சோகங்காஸ் பள்ளியில் படிக்கும் சுமார் 1,200 மாணவர்களில் பெரும்பாலானோர் குளிர்காலத்திலும் சைக்கிளில்தான் வருகிறார்கள்.

இதைவிட மிதமான குளிர் உள்ள நகரங்கள் பலவற்றில் நிலைமை வேறு. லண்டனில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போவது குறைவு. ஆனாலும் மாநகரம் முழுவதையும் கணக்கில் எடுத்தால், அங்கே சைக்கிள் பயணங்களின் பங்கு ஊலுவின் உறைபனிக்காலப் பங்கைக்கூட எட்டவில்லை. ஆகவே மக்களைச் சைக்கிளிலிருந்து இறக்குவது குளிர் மட்டுமல்ல என்பது தெளிவு. பாதை, அதன் பராமரிப்பு, உடை, வண்டி, போக்குவரத்து, வெளிச்சம் ஆகிய ஆறும் சேர்ந்துதான் குளிர்காலச் சைக்கிள் பயணத்தைத் தீர்மானிக்கின்றன. அவற்றுள் முதலிடம் பாதைக்கு.

பாதை

1970களின் தொடக்கத்திலேயே ஊலு நகரம் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் தனிப் பாதை வலையைத் திட்டமிட்டது. இன்று அதன் நீளம் 900 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. பாதைகளில் பெரும்பகுதி கார்ச் சாலையின் ஓரத்தில் கோடு போட்டுப் பிரித்தவை அல்ல. சாலையிலிருந்து விலகி, மரங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் ஊடே தனியாகவே செல்கின்றன. சாலையைக் கடக்க வேண்டிய இடங்களில் 300க்கும் மேற்பட்ட சுரங்கப்பாதைகள் இருக்கின்றன. மேம்பாலத்தைவிடச் சுரங்கப்பாதை சைக்கிள்காரருக்கு வசதி. முதலில் இறக்கம் வருகிறது, அந்த வேகத்திலேயே மறுபக்கத்து ஏற்றத்தில் பாதியைக் கடந்துவிடலாம். உள்ளே பனியும் விழாது.

குளிர்காலத்தில் இந்தப் பிரிப்பின் பயன் பல மடங்கு கூடுகிறது. வழுக்கும் தரையில் சைக்கிள் சறுக்கினால், தனிப் பாதையில் அது ஒரு சாதாரண விழுகை. லாரியும் பேருந்தும் ஓடும் சாலையில் அதே சறுக்கல் உயிருக்கே ஆபத்து. சாலையோரத்தில் கோடு மட்டும் போட்ட சைக்கிள் தடங்களுக்கு இன்னொரு குறையும் உண்டு. பனி அகற்றும் வண்டி கார்ச் சாலையைச் சுத்தம் செய்யும்போது, தள்ளப்பட்ட பனியெல்லாம் அந்த ஓரத் தடத்தில்தான் போய்க் குவிகிறது. கோடையில் இருந்த தடம் குளிர்காலத்தில் காணாமல் போகிறது. சைக்கிள்காரர் கார்களுக்கு நடுவே வந்தாக வேண்டும்.

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் வேறு வகை ஏற்பாடு. அங்கே சைக்கிள் பாதை கார்ச் சாலையைவிடச் சற்று உயரமாகவும், நடைபாதையைவிடச் சற்றுத் தாழ்வாகவும், நடுவே கல்விளிம்புடன் கட்டப்பட்டிருக்கிறது. மூன்று வகைப் போக்குவரத்துக்கும் மூன்று மட்டங்கள். நெரிசலான நகரத் தெருக்களில் இந்த முறை நன்றாக ஒத்துப்போகிறது. நோரெப்ரோகேட் என்ற முக்கியச் சாலையில் 2007இல் போக்குவரத்து விளக்குகளின் நேரத்தைச் சைக்கிளுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தார்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்குத் தொடர்ந்து பச்சை விளக்கே கிடைக்கும். குளிரில் ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று விறைப்பதும், பனித்தரையில் அடிக்கடி பிரேக் பிடிப்பதும் இதனால் குறைகின்றன.

பனி அகற்றுதல்

பாதை இருந்தால் மட்டும் போதாது, காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அது ஓட்டக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். ஊலுவில் முக்கியப் பாதைகளில் சில சென்டிமீட்டர் புதுப் பனி சேர்ந்தாலே பனி அகற்றும் வண்டிகள் கிளம்பிவிடுகின்றன. காலை 7 மணிக்குள், அலுவலகக் கூட்டம் தொடங்குமுன், வேலையை முடிக்க வேண்டும் என்பது விதி.

அங்கே பனியை அடியோடு சுரண்டி எடுப்பதில்லை. மேலே கிடக்கும் தளர்ந்த பனியைத் தள்ளிவிட்டு, அடியில் இறுகிய பனியை ஒரு தளமாகவே விட்டுவிடுகிறார்கள். தள்ளும் தகட்டின் விளிம்பில் பற்கள் இருப்பதால் அந்தத் தளத்தில் வரிவரியாகக் கீறல்கள் விழுகின்றன. டயருக்குப் பிடிப்பு அந்தக் கீறல்களில் கிடைக்கிறது. வழுக்கும் இடங்களில் பொடிக்கல் தூவுகிறார்கள். இளவேனில் வந்ததும் அந்தக் கல்லைப் பெருக்கி எடுப்பது தனி வேலை.

ஊலு இப்படிச் செய்ய ஓர் அறிவியல் காரணம் உண்டு. சாதாரண உப்பு பனியை உருக்குவது சுமார் மைனஸ் 10 டிகிரி வரைதான். அதற்குக் கீழே போனால் உப்பின் வேகம் மிகவும் குறைந்துவிடுகிறது. வட ஃபின்லாந்தின் நிலையான குளிரில் உப்பு வீண். வெப்பநிலை பூஜ்யத்தைச் சுற்றியே ஏறி இறங்கும் தெற்குப் பகுதிகளில் நிலைமை நேர்மாறானது. பகலில் உருகிய பனி இரவில் கண்ணாடிபோல் உறைந்துவிடும். ஸ்வீடனின் லின்ஷோப்பிங், ஸ்டாக்ஹோம் போன்ற நகரங்கள் இதற்காகப் பெருக்கி-உப்பிடும் முறையைப் பயன்படுத்துகின்றன. வண்டியின் முன்னால் சுழலும் பெரிய தூரிகை பனியைத் தரைவரை பெருக்கித் தள்ளுகிறது, பின்னால் உப்புக் கரைசல் தெளிக்கப்படுகிறது. தார்த்தளம் கறுப்பாகவே தெரியும். உப்பு சைக்கிளின் செயினை அரிக்கும் என்பது இதன் குறை. கீழே விழுகிறவர்களின் எண்ணிக்கை குறைவதை எண்ணினால் அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எதை முதலில் சுத்தம் செய்வது என்பதும் ஒரு கேள்வி. வழக்கமாக நகரங்கள் கார்ச் சாலையில்தான் தொடங்கும். ஸ்வீடனின் கார்ல்ஸ்கூகா நகரம் இந்த வரிசையைத் திருப்பியது. நடைபாதை, சைக்கிள் பாதை, குழந்தைகள் காப்பகங்களுக்குச் செல்லும் வழி ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுத்தது. சில சென்டிமீட்டர் பனியில் கார் ஓடிவிடும். சைக்கிளையோ குழந்தை வண்டியையோ தள்ளிக்கொண்டு போகிறவர்தான் திண்டாடுவார். யாருக்கு அதிகத் துன்பமோ அவருக்கு முதலில் வழி என்பது நியாயமான ஏற்பாடு.

உடலும் உடையும்

சைக்கிள் மிதிக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவாகத்தான் வண்டியை நகர்த்தப் பயன்படுகிறது. மீதியெல்லாம் வெப்பமாக வெளியேறுகிறது. பேருந்து நிறுத்தத்தில் அசையாமல் நிற்கிறவரைவிடச் சைக்கிளில் போகிறவருக்கு உடம்பு சூடாக இருப்பதன் காரணம் இதுதான். குளிர்காலச் சைக்கிள் பயணத்தில் புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு அளவுக்கு மீறி உடுத்துவது. பத்து நிமிடத்தில் வியர்க்கும். வியர்வையில் நனைந்த துணி உடலின் சூட்டை உறிஞ்சிவிடும். வண்டியை நிறுத்தியதும் நடுக்கம் தொடங்கும். வீட்டைவிட்டு வெளியே வரும்போது கொஞ்சம் குளிர வேண்டும், அதுவே சரியான உடை என்பது அனுபவசாலிகளின் கணக்கு.

உடையை மூன்று அடுக்காகப் போடுவது வழக்கம். உடம்போடு ஒட்டும் உள்ளடுக்கு மெல்லிய கம்பளியாகவோ செயற்கை இழையாகவோ இருக்க வேண்டும். பருத்தி கூடாது. ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் அதன் இயல்பு வெயில் நாட்டில் வரம், உறைகுளிரில் இடைஞ்சல். நடு அடுக்கு சூட்டைத் தேக்க, வெளியடுக்கு காற்றைத் தடுக்க. கடுங்குளிர் இல்லாத நாட்களில் நடு அடுக்கைக் கழற்றிவிடலாம்.

காற்றின் பங்கைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. பால் சைப்பல், சார்லஸ் பாசல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அண்டார்டிகாவில் நீர் எவ்வளவு விரைவில் உறைகிறது என்று அளந்து, காற்று குளிரை எப்படிக் கூட்டுகிறது என்பதை 1945இல் கணக்காக வெளியிட்டார்கள். கனடாவும் அமெரிக்காவும் 2001இல் அதைத் திருத்திப் புதிய சூத்திரம் வகுத்தன. அதன்படி மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது சுமார் மைனஸ் 18 டிகிரிபோல் உறைக்கும். காற்றே இல்லாத நாளிலும் சைக்கிள் தன் வேகத்தால் ஏறக்குறைய இந்தக் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. இப்படி உணரப்படும் குளிர் மைனஸ் 28 டிகிரியைத் தாண்டினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகும் ஆபத்து உண்டு என்று கனடாவின் வானிலைத் துறை எச்சரிக்கிறது.

முதலில் பாதிக்கப்படுவது விரல்கள், காது, மூக்கு, கன்னம். உடல் தன் நடுப்பகுதியின் சூட்டைக் காப்பாற்றுவதற்காகக் கைகால் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடுவதே காரணம். விரல்கள் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட, இரண்டிரண்டு விரல்களைச் சேர்த்து மூடும் கையுறை சூடானது. பிரேக்கையும் பிடிக்க முடியும். கடுங்குளிரில் ஹேண்டில்பாரின் மேலேயே பொருத்தும் உறைகள் இருக்கின்றன. கையை அதற்குள் நுழைத்துக்கொண்டால் மெல்லிய கையுறையே போதும். காலணி இறுக்கமாக இருக்கக்கூடாது. தடித்த காலுறைகளைத் திணித்து ரத்த ஓட்டம் தடைப்பட்டால் பாதம் இன்னும் வேகமாகக் குளிரும். தலைக்கவசத்துக்குள் காதை மூடும் மெல்லிய தொப்பி வேண்டும். ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே கடுங்குளிரில் வண்டியெடுக்க வேண்டும். குளிர்ந்த, உலர்ந்த காற்று மூச்சுக்குழாய்களைச் சுருக்கக்கூடும்.

வண்டி

குளிர்காலத்துக்கு விலையுயர்ந்த வண்டி தேவையில்லை. பழைய, எளிய வண்டியே நல்லது என்பது ஃபின்லாந்து, ஸ்வீடன், டென்மார்க் போன்ற நார்டிக் நாடுகளில் பலருடைய கருத்து. உப்பும் சேறும் கல்லும் எப்படியும் அதைத் தேய்க்கத்தான் போகின்றன. பின்பக்கம் மிதித்து நிறுத்தும் ஹப் பிரேக், ஹப்புக்குள்ளேயே மூடியிருக்கும் கியர், நீளமான மட்கார்டு ஆகியவை இருந்தால் போதும். சக்கரத்தின் விளிம்பைக் கவ்வும் பிரேக்கில் பனி ஒட்டிக்கொண்டால் முதல் சில நொடிகள் பிடிக்காது. அதனால் கிளம்பியதும் லேசாகப் பிடித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

குளிருக்கே உரிய கோளாறுகள் சில உண்டு. அவற்றில் ஆளைத் திகைக்க வைப்பது ஃப்ரீவீல் உறைவது. பின்சக்கரத்தின் ஃப்ரீவீலுக்குள் சிறு கொக்கிகள் இருக்கின்றன. மிதிக்கும்போது அவை பல்லில் மாட்டிச் சக்கரத்தைச் சுழற்றும், மிதிக்காதபோது விலகிக்கொள்ளும். உள்ளே ஈரம் புகுந்து உறைந்தாலோ, கிரீஸ் குளிரில் கெட்டியானாலோ அந்தக் கொக்கிகள் எழும்பாது. பெடல் சுற்றும், சக்கரம் நகராது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். குளிர் தாங்கும் மெல்லிய எண்ணெயை முன்கூட்டியே போட்டுவைத்தால் இதைத் தவிர்க்கலாம். சூடான அறைக்குள் வைத்து, பனி உருகி ஈரமான வண்டியை உடனே வெளியே எடுப்பதும் இதே சிக்கலைக் கொண்டுவரும். வண்டி இரவு முழுவதும் குளிரிலேயே, கூரைக்குக் கீழே நிற்பது மேல்.

டயரில் காற்றழுத்தமும் குளிரால் குறைகிறது. 20 டிகிரி வீட்டுக்குள் 4 பார் அழுத்தத்தில் நிரப்பிய டயர், வெளியே மைனஸ் 10 டிகிரியில் சுமார் மூன்றரை பாருக்கு இறங்கிவிடும். பனியில் ஓட்டும்போது கொஞ்சம் காற்று குறைவாக இருப்பது நன்மையே. டயர் அதிக இடத்தில் தரையைத் தொடும், பிடிப்பு கூடும்.

இறுகிய பனியில் சாதாரண டயரே சமாளிக்கும். பனிக்கட்டியில் சமாளிக்காது. அதற்கு ஆணி டயர் வேண்டும். ரப்பரின் மேல் டங்ஸ்டன் கார்பைடு முனை கொண்ட சிறு குமிழ்கள் பதிந்திருக்கும். ஒரு டயரில் நூறு முதல் இருநூற்றுக்கும் மேல் குமிழ்கள் வரை உண்டு. வண்டியின் எடையில் அவை பனிக்கட்டிக்குள் பதிந்து பிடித்துக்கொள்கின்றன. ஒரே ஒரு டயருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அதை முன்சக்கரத்தில் போட வேண்டும். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்து நிமிர்ந்துவிடலாம், முன்சக்கரம் வழுக்கினால் விழுவது நிச்சயம். 2023-24 குளிர்காலத்தில் மாண்ட்ரியல் நகரின் பிக்ஸி வாடகைச் சைக்கிள் சேவை முதன்முறையாகக் குளிர்காலத்திலும் ஓடத் தொடங்கியபோது, வண்டிகளில் ஆணி டயரைப் பொருத்தியே விட்டார்கள்.

ஓட்டும் விதமும் மாற வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவின் நடுவில் பிரேக் கூடாது. வண்டியைச் சாய்க்காமல் நிமிர்த்தியே திருப்ப வேண்டும். முன் பிரேக்கை மிக மெதுவாகத் தொட வேண்டும். சீட்டைச் சற்றுத் தாழ்த்திவைத்தால் அவசரத்துக்குக் கால் தரையில் ஊன்றும். மின்சார சைக்கிளின் லித்தியம் பேட்டரி குளிரில் குறைந்த தூரமே தரும். அதை உறைநிலையில் சார்ஜ் செய்தால் பழுதாகும். அலுவலகத்துக்குள் எடுத்துச் சென்று, அறையின் சூட்டுக்கு வந்தபிறகே சார்ஜ் செய்ய வேண்டும்.

போக்குவரத்து

தனிப் பாதை இல்லாத இடங்களில் சைக்கிள்காரருக்குப் பெரிய ஆபத்து சந்திப்புகளில் இருக்கிறது. சாலையின் வலப்பக்கம் வண்டி ஓட்டும் ஐரோப்பிய, வட அமெரிக்க நாடுகளில், லாரி வலதுபக்கம் திரும்பும்போது அதன் வலது ஓரத்தில் நேராகப் போகும் சைக்கிளை நசுக்கிவிடும் விபத்து பலமுறை நடந்திருக்கிறது. ஓட்டுநரின் இருக்கையிலிருந்து அந்த ஓரம் தெரிவதில்லை. குளிர்காலத்தில் கண்ணாடியில் படியும் ஆவியும் பனியும் மறைப்பை இன்னும் கூட்டுகின்றன. சிக்னலில் நிற்கும் லாரியின் பக்கவாட்டில் போய் நிற்பதைவிட, அதன் பின்னாலேயே நிற்பது எப்போதும் பாதுகாப்பு.

சாலையோரம் நிறுத்தியிருக்கும் கார்களின் கதவு திடீரென்று திறப்பது இரண்டாவது ஆபத்து. கார்களிலிருந்து ஒரு கதவின் அகலத்துக்காவது விலகி ஓட்ட வேண்டும். ஓரமெல்லாம் பனிக்குவியல் கிடக்கும் குறுகிய சாலையில், ஓரத்தில் ஒட்டி ஒட்டிப் போவதைவிடத் தடத்தின் நடுவே, நேர்க்கோட்டில், எல்லோர் கண்ணிலும் படும்படி போவதுதான் நல்லது. பின்னால் வரும் கார் இடமில்லாத இடத்தில் முந்த முயல்வதை இது தடுக்கும்.

நெரிசலான சாலையில் மூச்சுக்காற்றும் கெடுகிறது. குளிர்காலத்தில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலெழாமல் தேங்கி, வாகனப் புகையைப் பிடித்துவைத்துக்கொள்ளும் நாட்கள் உண்டு. கார்களின் ஆணி டயர்கள் தார்ச்சாலையைச் சுரண்டிக் கிளப்பும் தூசியும் சேர்கிறது. இந்தத் தூசிக்காகவே ஸ்டாக்ஹோம் நகரம் ஹார்ன்ஸ்கத்தான் என்ற தெருவில் ஆணி டயர் போட்ட கார்களை 2010இல் தடைசெய்தது. முக்கியச் சாலைக்கு இணையாக உள்ளே ஓடும் சிறு தெரு கிடைத்தால், சில நிமிடம் கூடினாலும் அதில் போவது நுரையீரலுக்கும் உயிருக்கும் நல்லது.

வெளிச்சம்

குளிர்நாடுகளில் வேலைக்குப் போவதும் திரும்புவதும் இருட்டில்தான். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு என்பது சட்டமே. ஃபின்லாந்தில் பின்விளக்கு 2020 ஜூனில் கட்டாயமானது. குளிரில் பேட்டரி விரைவில் தீர்ந்துவிடுவதால் முன்சக்கர ஹப்பில் இருக்கும் டைனமோவைப் பலரும் விரும்புகிறார்கள். உடையில் தொங்கும் சிறு பிரதிபலிப்பு வில்லையும் ஃபின்லாந்துக்காரர்களின் வழக்கம். ஆர்வி லெஹ்ட்டி என்ற ஃபின்லாந்து விவசாயி அங்கே பரப்பிய இந்த எளிய பொருள், காரின் விளக்கு பட்டதும் தூரத்திலிருந்தே மின்னி ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

வேலை செய்யும் இடம்

பயணம் அலுவலக வாசலோடு முடிவதில்லை. ஈரமான கையுறையும் காலணியும் மாலைக்குள் உலர வேண்டும். நார்டிக் நாடுகளில் பல கட்டடங்களில் சூடான காற்று சுழலும் துணி உலர்த்தும் அலமாரி இருக்கிறது. கூரையிட்ட சைக்கிள் நிறுத்தமும் வேண்டும். புயலடிக்கும் நாட்களில் மாற்று வழியும் வேண்டும். கோபன்ஹேகனின் புறநகர் ரயில்களில் 2010 முதல் சைக்கிளைக் கட்டணமின்றி ஏற்றிச் செல்லலாம். இருபது நாள் சைக்கிளில் போய், மோசமான ஓரிரு நாள் ரயிலில் போவது தோல்வி ஆகாது.

குளிர்காலச் சைக்கிள் பயணத்துக்கென்றே ஒரு சர்வதேச மாநாடு 2013இல் ஊலுவில் தொடங்கியது. பிறகு வின்னிபெக், மினியாபொலிஸ், மாண்ட்ரியல், கால்கரி போன்ற கடுங்குளிர் நகரங்களில் நடந்தது. படிக்கவும் வேலைக்கும் அத்தகைய ஊர்களுக்குப் போகும் தமிழர்கள், முதல் ஆண்டிலேயே மைனஸ் 20இல் இறங்கத் தேவையில்லை. இலையுதிர் காலத்தில் தொடங்கி, குளிர் மெல்ல ஏற ஏறத் தொடர்ந்தால் உடம்பும் கையும் பழகிவிடும். விடுமுறை நாளில் ஒருமுறை வழியை ஓட்டிப் பார்த்து, எந்தப் பாதையில் பனி அகற்றுகிறார்கள் என்று அறிந்துகொள்வது நல்லது. வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி ஏறி இறங்கும் நாட்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும், மிகவும் வழுக்குவது அந்த நாட்களில்தான்.

நகர நிர்வாகங்கள் உணர வேண்டியது ஒன்று. நல்ல கையுறையும் ஆணி டயரும் துணிச்சல்காரர்கள் சிலரைச் சாலைக்குக் கொண்டுவரும். குழந்தைகளையும் முதியவர்களையும் கொண்டுவருவது தனிப் பாதையும், விடிவதற்குள் பனி அகற்றும் வண்டியும்தான். இந்த இரண்டையும் ஐம்பது ஆண்டுகளாக விடாமல் செய்ததால்தான் ஊலுவில் பள்ளிப் பிள்ளைகள்கூடப் பனியில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். அதே அக்கறை எந்த ஊரில் இருந்தாலும் அங்கேயும் ஓட்டுவார்கள்.